ஹெலிகாப்டர் ஏவுகணை டாங்கியை எப்படிப் பிடிக்கிறது? மொட்டை மாடியில் மூன்று சோதனை

அரக்கோணம் ராஜாளி தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போனால் போதும், டியூஷன் பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்: "சார், அது டாங்கிய அடிக்குமா?" அது கடற்படைத் தளம்டா என்று சொல்லி முடித்திருக்கலாம். கேள்வி நல்ல கேள்வியாச்சே, மாடிக்குக் கூட்டிப் போனேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஏவிய பிறகு டாங்கி மேல் கண் வைத்திருப்பது யார்?

முதலில் ஒரு நூல்கண்டு. ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ள, பையன் கண்டோடு ஓடட்டும். 1970-ல் அமெரிக்கப் படைக்கு வந்த டோ ஏவுகணை இப்படித்தான், மெல்லிய கம்பியைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கும். சுடுபவர் குறியை டாங்கி மேலேயே வைத்திருக்க வேண்டும். ஏவுகணையின் வால் வெளிச்சம் அந்தக் கோட்டிலிருந்து விலகினால், திருத்தம் கம்பி வழியே போகும். 3,750 மீட்டர் போய்ச் சேர ஏறக்குறைய 20 நொடி. அதுவரை ஹெலிகாப்டர் ஒளிய முடியாது. சுடுபவருக்கு அது யுகம்.

அடுத்தது, இருட்டியதும் லேசர் டார்ச். யார் கண்ணிலும் ஒளி பாயாமல் எதிர்ச்சுவரில் புள்ளி வையுங்கள். மாடியின் இன்னொரு மூலையில் நிற்கும் பையன் புள்ளியைக் கைகாட்டட்டும். டார்ச் யாரிடம் என்று அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஹெல்ஃபயர் ஏவுகணையின் மூக்கும் அப்படித்தான்: டாங்கியில் பட்டுத் திரும்பும், கண்ணுக்குத் தெரியாத லேசரைத் தேடிப் போகும். புள்ளியைத் தரையிலிருக்கும் வீரரே வைக்கலாம், ஹெலிகாப்டர் குன்றுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் வேறு லேசர் இருந்தால்? ஒவ்வொன்றும் தனித் துடிப்புக் கணக்கில் மின்னும். தனக்குச் சொன்ன கணக்கை மட்டும் ஏவுகணை நம்பும். புழுதியும் புகையும்தான் இதற்கு வில்லன்.

மூன்றாவது நம்ம ஊர் ஹெலினா. நாக் ஏவுகணையின் ஹெலிகாப்டர் வடிவம், 7 கிலோமீட்டர் வரை போகும். 2022 ஏப்ரலில் துருவ் ஹெலிகாப்டரிலிருந்து உயரமான மலைப்பகுதியில் ஏவிப் பார்த்தார்கள். மூக்கில் வெப்பக் கேமரா. ஏவுமுன்பே டாங்கியின் வெப்ப உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதுவே பின்தொடரும், விமானி திரும்பிப் போகலாம்.

இதைக் கண்ணால் காட்ட முடியாது, கையால் காட்டலாம். வேலூர் வெயிலில் நாளெல்லாம் காய்ந்த கைப்பிடிச் சுவருக்கும், இப்போதுதான் வந்து நின்ற பைக்கின் சைலன்சருக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டு போங்கள். தொடாதீர்கள். சைலன்சர் தனியாகத் தெரியும். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள், சைலன்சர் ஆறிச் சுவரோடு கலந்திருக்கும். வெப்பக் கேமராவும் அப்படித்தான் குழம்பும். எங்கள் பையன் கண்ணை மூடிக்கொண்டு தேடினான், சுவரைக் காட்டி "இதான் சார் பைக்கு" என்றான்.