பிசியோதெரபி சான்றிதழோடு வெளிநாடு போகுமுன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து லண்டனோ சிட்னியோ போக நினைக்கும் பிசியோதெரபி பட்டதாரி முதலில் எடுக்க வேண்டியது டிக்கெட் அல்ல, பாடத்திட்டம். நீங்கள் படித்த ஆண்டுக்குரியதைக் கல்லூரி முத்திரையோடு வாங்குங்கள். மருத்துவமனைப் பயிற்சி மணிநேரம் எலும்பு, நரம்பு, இதயம்-நுரையீரல் எனப் பிரித்து இருக்கட்டும். மொத்தக் கணக்கு மட்டும் என்றால், அங்கே பதிவு செய்யும் அமைப்பு விளக்கம் கேட்டு இழுத்தடிக்கும்.

உள்ளூர் வேலைக்கும் பதிவு வேண்டும்: மலேசியாவின் 2016ஆம் ஆண்டு துணை சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்படி (சட்டம் 774) பதிவு, கூடவே தொழில் புரியும் சான்றிதழ்.

பிரிட்டனில் பதிவு செய்வது எச்சிபிசி என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பு. அங்கே பதியாமல் ‘பிசியோதெரபிஸ்ட்’ என்று போட்டுக்கொள்வதே குற்றம். ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபி கவுன்சிலின் மதிப்பீடு முடிந்த பிறகே ஆப்ரா எனும் சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு. அமெரிக்காவில் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம். உரிமத்துக்கான என்பிடிஇ என்ற தேசியத் தேர்வை வாழ்நாளில் 6 முறைதான் எழுதலாம். ‘சும்மா எழுதிப் பார்ப்போம்’ என்பது வீண் செலவு.

நம்மவர்க்குப் பெரிய வம்பு பெயர்தான். ஐசியில் (அடையாள அட்டையில்) ‘இன்னாரின் மகள்’ என்பதைக் குறிக்கும் ‘ஏ/பி’ இருக்கும், சான்றிதழில் இருக்காது, படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை ஒரு தாளில் போட்டு, இன்னொன்றில் விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாவற்றிலும் நிரப்புங்கள். பழைய சான்றிதழ் வேறுபட்டால், சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட உறுதிமொழியை இணையுங்கள்.