‘நேராகச் சொல்லு’ என்று கேட்காதீர்கள்: மனவடுவோடு வருபவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

தனக்கு நடந்ததைச் சொல்லப் போன தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவரிடம் “எத்தனை மணிக்கு?” என்று பொலிஸில் கேட்டார்கள். “பெரட்டுக்கு முன்னுக்கு ஐயா” என்றார் அந்த அக்கா. காலையில் வேலைக்கு ஆட்கள் கூடிப் பேர் கொடுப்பதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்போம். எழுதியவர் காலை 6 மணி என்று எழுதிக்கொண்டார். ஒன்றரை வருஷம் கழித்து நீதிமன்றத்தில் அதே கேள்வி வந்தது. “சின்னவனப் பிள்ளைக் காம்பராவில விட்டுட்டு வந்த கையோட” என்றார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுப்போகும் இடம் அது. அது 7 மணி என்று கணக்கானது. முதலில் 6, இப்போது 7, இதில் எது பொய் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார்.

இரண்டும் பொய் இல்லை. பிள்ளையை விட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போகும் வரையிலான அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் இரண்டு தடவையும் சொன்னார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த யாருக்கும் அது உடனே விளங்கியிருக்கும். அன்று அந்த அறையில் அப்படி வளர்ந்தவள் நான் மட்டும்தான். உளவளத்துணையாளராக அவரோடு போயிருந்த எனக்கு அங்கே பேச இடமில்லை.

பயந்து, அடிபட்டு, இழந்து வருகிற ஒருவரைச் சுற்றி இருக்கும் நாம், குடும்பமோ ஆசிரியரோ தோட்டத் தலைவரோ பொலிஸோ, நல்ல மனதோடுதான் பல தவறுகளைச் செய்கிறோம். உளவியலில் சட்டத்தோடு சேர்ந்து நடக்கிற ஒரு பிரிவு உண்டு, தடயவியல் உளவியல் என்பார்கள். ஒருவரின் மனநிலை, ஞாபகம், பாதிப்பு ஆகியவற்றை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு விளங்கும்படி சொல்வது அதன் வேலை. நம் இலங்கையில் இந்த வேலையின் பெரும்பகுதி சட்ட வைத்திய அதிகாரியிடமும் மனநல வைத்தியரிடமும்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் துறை கற்றுக்கொண்ட விஷயங்கள் ஹட்டனிலும் பதுளையிலும் ஒரு லயத்து வாசலில் நின்று பேசுகிறவருக்கும் தேவைப்படுகின்றன.

எல்லாவற்றையும் ‘டென்ஷன்’ என்று சொல்லிவிடுவது

குளவி கொட்டிய ஒரு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் கூடு கலைந்து, கூட வேலை செய்த எல்லாரும் ஓடினார்கள். இவர் கான் ஓரத்தில் விழுந்தார். வைத்தியசாலையில் சில நாள் இருந்து வீடு திரும்பினார். வீக்கம் வடிந்தது, தழும்பும் மங்கியது. ஆனால் புல்லு வெட்டும் மெஷின் சத்தம் தூரத்தில் கேட்டாலே கை விறைத்துப்போகிறது. அந்த மலைக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறார். கங்காணி ‘வேலைக்கள்ளி’ என்கிறார். புருஷன் ‘டென்ஷன், ரெண்டு நாள் தூங்கி எழும்பினா சரியாயிடும்’ என்கிறார். மாமியார் மலையில் ஏதோ பார்த்துப் பயந்துவிட்டது, கோடாங்கி பார்க்க வேண்டும் என்கிறார்.

மூவரில் மாமியார்தான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பேன். பயம் உள்ளே தங்கிவிட்டது என்பதையாவது அவர் கண்டுகொண்டார். ஆகவே கோடாங்கிக்குப் போவதைக் கேலி செய்யாதீர்கள். அதோடு வைத்தியசாலைக்கும் கூட்டிப்போங்கள்.

மன அழுத்தம் என்பது பாரம். தீபாவளி அட்வான்ஸ் கடனில் கழிகிறது, பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம், கூரைத் தகரம் ஓட்டை. பாரம் குறைந்தால் மூச்சு வரும். மனவடு அப்படியில்லை. நடந்தது முடிந்துவிட்டது, உடம்புக்கு மட்டும் அது இன்னும் தெரியாது. நித்திரையில் திரும்ப வரும், சத்தத்தில் வரும், அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்லும், சும்மா இருக்கும்போதும் காவல் இருக்கச் சொல்லும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதை ஒரு நோயாக 1980-இல்தான் தன் பட்டியலில் சேர்த்தது. ஓய்வு மட்டும் இதைத் தீர்க்காது.

மூன்றாவது, வேலையில் கருகிப்போவது. 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயோர்க்கில் ஓர் இலவச வைத்திய நிலையத்தில் சேவை செய்தவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். ஆறாத களைப்பு, வேலை மேலேயே வெறுப்பு அல்லது விலகல், என்னால் இனி எதுவும் ஆகாது என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்தது அது என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியது. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை இடத்தோடு வரும் ஒரு நிலை என்று மட்டும் சொன்னது. அந்தக் கடைசி வரியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, தண்ணீர் சுமந்து, பிள்ளைகளை அனுப்பி, பிறகு மலைக்கு ஏறி, மாலையில் விறகோடு இறங்கும் ஒரு பெண்ணுக்கு எந்த இடத்தில் வேலை தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது? பேர் போடாத வேலையும் வேலைதான். அவருக்கு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினால் தண்ணீர்க் குடம் இடுப்பை விட்டு இறங்காது. வீட்டில் ஒருவர் அந்தக் குடத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகக் கேட்பது

நான் அதிகம் பார்க்கிற தவறும், அதிகம் சேதம் செய்கிற தவறும் இதுதான். ‘நேரா சொல்லு. முதல்ல என்ன நடந்துச்சு? அப்புறம்? அதுக்கு அப்புறம்?’

உயிருக்குப் பயந்த நேரத்தில் மூளை நாட்குறிப்பு எழுதுவதில்லை. கவனம் முழுக்க ஆபத்து இருக்கும் பக்கம் குவிந்துவிடும். கத்தி நினைவிருக்கும், பிடித்தவன் போட்டிருந்த சட்டை நினைவிருக்காது. நடந்ததை முன்பின்னாகக் கோத்து வைக்கும் வேலை அந்த நேரத்தில் தடுமாறும். ஆனால் மணமும் சத்தமும் அப்படியே கிடக்கும். நான் முதலில் சொன்ன அக்காவுக்கு நேரம் தடுமாறியது. அடுப்பில் ரொட்டி கருகிய மணத்தையும், பக்கத்து வீட்டு ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததையும் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை. அதை யாரும் கேட்கத்தான் இல்லை.

1980-களில் ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சாட்சிகளிடம் பேசுவதற்கு வேறொரு முறையை உருவாக்கினார்கள். சாட்சியை மனதால் அந்த இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போய், எங்கே நின்றீர்கள், என்ன கேட்டது, என்ன மணம் வந்தது என்று நினைவுபடுத்தவிட்டு, பிறகு அவர் போக்கிலேயே, குறுக்கே விழாமல் பேசவிடுவது. நடுவிலிருந்து தொடங்கினாலும் சரி, கடைசியிலிருந்து தொடங்கினாலும் சரி. நம் ஆட்களிடம் நேரம் கேட்கும்போது மணிக்கூட்டைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள்: பெரட்டுக்கு முன்னா, பின்னா? காலைக் கொழுந்து நிறுவைக்கா, பகல் நிறுவைக்கா? அப்படிக் கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தடுமாறிச் சொல்கிறவர் எல்லாரும் பாதிக்கப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. தடுமாற்றத்தை மட்டும் வைத்துப் பொய் என்றும் தீர்க்க முடியாது, உண்மை என்றும் தீர்க்க முடியாது. அந்த முடிவு நீதவானுடையது.

அழவில்லை என்பதை வைத்து முடிவுகட்டுவதும் இதே வகைதான். மரத்துப்போனவர்கள் உண்டு, பயத்தில் சிரிக்கிறவர்கள் உண்டு. ‘கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல, இவளுக்கா நடந்துச்சு?’ என்று சொந்தச் சித்தியே கேட்டதைக் கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகளிடம் தவறு செய்தால் திருத்தவே முடியாமல் போகலாம். 1974-இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜோன் பால்மரும் நடத்திய சோதனையில், ஒரே வாகன விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் கார்கள் ‘தொட்டபோது’ என்ன வேகம் என்று ஒரு பகுதியினரையும், ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று இன்னொரு பகுதியினரையும் கேட்டார்கள். ஒரு சொல்தான் மாறியது. முதல் பகுதியினர் சொன்ன வேகம் சராசரியாக மணிக்கு 32 மைல், மற்றவர்கள் சொன்னது 41 மைல். பின்னொரு சோதனையில், ‘நொறுங்க’ என்று கேட்கப்பட்டவர்களில் கூடுதலான ஆட்கள் ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியையும் பார்த்ததாகச் சொன்னார்கள். வளர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், ஆறு வயதுப் பிள்ளையிடம் ‘அந்த மாமா இங்க தொட்டாரா, அங்க தொட்டாரா’ என்று அம்மா, அம்மம்மா, டீச்சர், தலைவர் என ஆளுக்கு ஆள் கேட்டால் என்ன மிஞ்சும்? பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள், மேலே தோண்டாமல் 1929-க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். பிள்ளையின் முதல் விசாரணையை வீடியோவில் பதிந்து சாட்சியமாகக் கொடுக்க 1999-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளை அதையே பத்துப் பேரிடம் சொல்ல வேண்டியதில்லை.

வழக்குக்கு முதல் நாள் இரவு குடும்பமே உட்கார்ந்து ‘இப்படிச் சொல்லு’ என்று பாடமாக்கிவிடுவதும் நடக்கிறது. பாடமாக்கிய உண்மை பொய் மாதிரியே கேட்கும்.

வாசிக்காமல் கையெழுத்து வைப்பது

வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், பிழை இருந்தால் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் கோபப்படுவார்கள் என்ற பயத்தில் பலர் கேட்பதில்லை. கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிற மகளை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தாய்க்கு நடந்ததைத் தன் வாயால் சொன்ன அந்தப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைக்கும்?

இன்னொரு விஷயம். நீதிமன்றம் அனுப்பி உங்களைப் பரிசோதிக்கிறவர் அன்பாகவே பேசுவார், ஆனால் அவர் உங்களுக்குச் சிகிச்சை தருபவர் இல்லை. அங்கே சொல்வது அறிக்கையில் போகலாம். அதனால் கூட்டியும் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நித்திரைக்காகக் குடிக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் பாதிப்பின் ஓர் அடையாளம்தான்.

உயிரை மாய்க்க முயன்றவரை ‘பொலிஸ் கேஸ் ஆயிடும்’ என்று வீட்டிலேயே வைத்திருப்பது இன்னும் நடக்கிறது. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998-இலிருந்து குற்றம் இல்லை. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மனம் அந்தப் பக்கம் போகிறது என்று தோன்றினாலே 1926-க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

மண் சரிந்த மறுநாளே பேசவைப்பது

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகளுக்குத் திரும்பி வர வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகத்தில் மறுபடியும் அதே மண், அதே முகாம். இப்படியான இடத்துக்குப் போகிற நல்ல மனிதர்கள், ‘மனசுல உள்ளதக் கொட்டினா பாரம் குறையும்’ என்று எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்கிறார்கள். ஒருகாலத்தில் உளவியலாளர்களே அதை நம்பினார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பது மனவடுவைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூட்டியும்விட்டது என்று தெரியவந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2011 கையேடு மூன்று வேலைதான் சொல்கிறது: பார், கேள், இணைத்துவிடு. யாருக்குக் காய்ந்த உடுப்பு இல்லை, யார் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது. பேச வந்தால் கேட்பது, வராவிட்டால் பக்கத்தில் இருப்பது. காணாமல்போன சொந்தத்தோடும், அடையாள அட்டை எடுத்துத் தரும் அலுவலகத்தோடும், வைத்தியசாலையோடும் இணைத்துவிடுவது. முகாமில் ஒரு பாட்டிக்கு நான் செய்ததெல்லாம் வெற்றிலை வாங்கிக் கொடுத்ததும், அவருடைய மூக்குக்கண்ணாடிக்கு ஆள் தேடியதும்தான். மூன்றாம் நாள் அவராகவே பேசத் தொடங்கினார்.

முதல் சில வாரம் நித்திரை வராது, திடுக்கிடும், மழை பெய்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடச் சொல்லும். அது பைத்தியம் இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உதவி செய்கிறவரை இரும்பு என்று நினைப்பது

மருத்துவிச்சி, கிராம உத்தியோகத்தர், பிள்ளைக் காம்பரா பொறுப்பாளர், பொலிஸில் தமிழ் தெரிந்த அந்த ஒரேயொரு பெண் அலுவலர், இவர்கள் வாரம் முழுக்க அடுத்தவர் வேதனையைக் கேட்கிறார்கள். அவர்கள் எரிந்து விழத் தொடங்கினால் ‘திமிர்’ என்கிறோம். மேலிடம் ஒரு நாள் யோகா வகுப்பு வைக்கிறது. மறுநாளும் அதே நூறு கோவை மேசையில் இருக்கும். வேலையைப் பகிராமல் மூச்சுப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள். சாட்சி சொன்னதை அவர்கள் ‘அவர் சொல்கிறார்’ என்று மாற்றக்கூடாது. ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். நான் கத்தினேன். என் கழுத்தைப் பிடித்தான். நான் பிள்ளையைத் தேடினேன். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவருக்கு நடந்ததெல்லாம் தன் வாயால் ‘எனக்கு’ என்று வருகிறது. கடுமையான வழக்குகளுக்கு இரண்டு பேரை மாற்றி மாற்றி வைக்கலாம், நடுவே இறங்கி நடக்கப் பதினைந்து நிமிஷம் கொடுக்கலாம், பெரிய செலவு இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த வேலையில் பல வருஷமாக இருக்கிறார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தன் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது என்று ஒருநாள் சொன்னார். அதுவரை இன்றைக்கு எப்படி இருந்தது என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லையாம். இப்போது வழக்கு முடிந்ததும் பக்கத்துக் கடையில் சாயத்தண்ணி வாங்கிக் கொடுத்து நான் கேட்கிறேன். சில நாள் சொல்வார். சில நாள் குடித்துவிட்டு எழும்பி, பஸ் நிற்கும் இடம் வரை என்னோடு நடந்து வருவார்.