பெட்டிப் புதிரை நாமே கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. அது போனால் வைஃபையும் போய்விடும், பக்கத்து மாடி ஜெனரேட்டர் சத்தம்தான் மிச்சம். என் அக்கா மகன் முன்பெல்லாம் அந்த நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் ஆடும் சுடுகிற விளையாட்டு நெட் இல்லாமல் ஓடாது. நான்தான் அவனைப் பெட்டிப் புதிர் பக்கம் இழுத்துவிட்டேன். நாலாம் நாளே வந்து, "மாமா, இதுல ஒண்ணுமே இல்ல, மூணு மணி நேரத்துல முடிச்சிட்டேன்" என்றான். போனை வாங்கிப் பார்த்தால், யாரோ ஆடிய யூடியூப் வீடியோவை இறக்கி வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து அப்படியே செய்திருக்கிறான்.

பொங்கலை வாங்கி முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்ற கதைதான். ஆனால் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த வகை விளையாட்டை எடுக்கும் பாதிப் பேர் ஏதாவது ஒரு விதத்தில் இதையேதான் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

பெட்டிப் புதிர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: திரையில் ஒரு மேசை, மேசை மேல் ஒரு பெட்டி. விரலால் சுற்றி வந்து பார்க்கலாம். ஒரு பித்தளைத் தகட்டை நகர்த்தினால் சாவித்துளை தெரியும். சாவி வேறொரு இழுப்பறையில் இருக்கும். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொன்று. எதிரி கிடையாது, உயிர் போகாது, மணி ஓடாது, மதிப்பெண்ணும் கிடையாது. கைபேசியில் இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது 2012-ல் ஐபேடுக்கு வந்த 'தி ரூம்'. இங்கிலாந்தின் கில்ஃபோர்டு ஊரில், வேறொரு பெரிய நிறுவனத்திலிருந்து வெளியே வந்த ஆறு பேர் தொடங்கிய ஃபயர்புரூஃப் கேம்ஸ் செய்தது. அந்த வருடமே ஆப்பிள் அதைச் சிறந்த ஐபேட் விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது. பிறகு 2013, 2015, 2018 என்று அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. ஸ்லோவாக்கியாவிலிருந்து 2017-ல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் டா வின்ச்சி'யும் இதே குடும்பம்தான்.

இதில் அப்படி என்ன இழுக்கிறது என்று கேட்டால் பலரும் "மூளைக்கு வேலை" என்பார்கள். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

மூளைக்கு வேலை வேண்டுமென்றால் சுடோகு இருக்கிறது, சதுரங்கம் இருக்கிறது. பெட்டிப் புதிரில் பல கட்டங்கள் உண்மையில் சுலபம்தான். இங்கே வேலை கைக்கு. 'தி ரூமி'ல் சாவியைத் துளைக்குள் வைத்த பிறகு அது தானாகத் திரும்பாது. விரலை வளைவாக இழுத்து நீங்கள்தான் திருப்ப வேண்டும். கனமான மூடியை இழுத்தால் முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு மெதுவாக நகரும். தாழ்ப்பாள் விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடித் திரையைத்தான் தொடுகிறோம், ஆனால் மரமும் இரும்பும் விரலில் தட்டுப்படுவது போல இருக்கும். ஆள்களைக் கட்டிப்போடுவது இந்த ஏமாற்றுதான்.

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு வெற்றிலைப் பெட்டி இருந்தது. பர்மியர்கள் குன்-இட் என்பார்கள். பகானில் செய்வது. மூங்கிலை மெல்லிசாகச் சீவிப் பின்னி, திட்சி மரத்துப் பாலைப் பூசிப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டு, நல்ல பெட்டி ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். உருளையாக, சிவப்பும் கறுப்புமாக இருக்கும். மூடி மேலே மட்டும் உட்காராது, உடம்பு முழுவதையும் சட்டை மாதிரி மூடிக்கொள்ளும். மூடியைக் கழற்றினால் ஒரு தட்டு, அதில் சுண்ணாம்பு. அதைத் தூக்கினால் இன்னொரு தட்டு, பாக்கு. அதற்கும் அடியில் வெற்றிலை. மூடியைத் திரும்ப வைத்துவிட்டுக் கையை எடுத்தால், உள்ளே இருக்கும் காற்று விடாது. மூடி மெல்ல மெல்ல, பெருமூச்சு விடுகிற மாதிரி, தானே கீழே இறங்கும். சின்ன வயசில் அதைப் பார்ப்பதற்காகவே பத்து முறை திறந்து மூடுவேன். வெற்றிலை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா என்ன? அதில் தீர்க்க வேண்டிய புதிர் எதுவுமே இல்லை. பெட்டிப் புதிரைப் பரீட்சையாக நினைத்து ஆடுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போவது அந்த மூடி இறங்குகிற நேரம்தான். விடை கிடைத்தவுடன் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள்.

இரண்டாவது, குறிப்பைக் கேட்கிற அவசரம். 'தி ரூமி'ல் திரை ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வரும். தொட்டால் முதலில் பொதுவாக ஒரு வரி. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கிட்ட. கடைசியில் இன்னதைத் திருப்பு என்றே சொல்லிவிடும். செய்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள், அதைத் தொடுவது பாவமில்லை. ஆனால் அது மின்னியவுடன் கை தானாகப் போய்விடுகிறது. செட்டிங்ஸில் போய் அதை அணைத்து வைக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. முதலில் அதைச் செய்யுங்கள். நம் வீடுகளில் விடுகதை போட்டால், "தோத்துட்டேன்னு சொல்லு, அப்பதான் விடை" என்பார்களே, அந்த வீம்பு இங்கேயும் கொஞ்சம் வேண்டும். மாட்டிக்கொண்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள், சோறு வடியுங்கள். திரும்பி வரும்போது, இத்தனை நேரம் கண்ணெதிரே இருந்த திருகாணி ஒன்று புதிதாகத் தெரியும். எனக்கு இது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. ஒரு முறை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது விடை வந்து, செதில் ஒட்டிய கையோடு ஓடினேன்.

அவசரத்தின் இன்னொரு முகம், கண்டதையெல்லாம் தட்டுவது. திரை முழுக்கப் படபடவென்று தட்டினால் ஏதாவது ஒன்று திறக்கும்தான். ஆனால் ஏன் திறந்தது என்று தெரியாமல் அடுத்த அறைக்குப் போவீர்கள், அங்கே நின்றுவிடுவீர்கள். ஏனென்றால் இந்த விளையாட்டுகள் முதல் பெட்டியில் கற்றுக்கொடுத்ததை மூன்றாவது பெட்டியில் கேட்கும். தட்டுவதற்கு முன் சுற்றி வந்து பாருங்கள். ஒரே மாதிரி நாலு மூலைத் தகடுகள் இருந்தால், எதில் மட்டும் கோடு கொஞ்சம் அகலம்? எந்த இடம் கைபட்டுத் தேய்ந்து பளபளக்கிறது? எந்தப் பூ வேலைப்பாடு பாதியில் முறிகிறது?

கண்ணை ஏமாற்றுகிற இந்த வித்தை விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானில் ஹக்கோனே மலைப்பகுதியில் செய்யும் மர்மப் பெட்டிகளில், பல நிற மரங்களைச் சேர்த்து அறுத்த மெல்லிய தாள் போன்ற சீவலை மேலே ஒட்டுவார்கள். அந்தக் கட்டம் கட்டமான கோலத்துக்குள் இணைப்புக் கோடு மறைந்துவிடும். நாலு நகர்த்தலில் திறப்பதும் உண்டு, 72 நகர்த்தலில் திறப்பதும் உண்டு. நம் பக்கமும் சளைத்ததில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டில், சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டே இருக்கிறது. இங்கே ரங்கூனில், அன்றைக்கு முகல் தெரு என்று பேர் இருந்த இடத்தில் செட்டியார்கள் கடை போட்டிருந்த காலத்தில், பணமும் பத்திரமும் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறவரைத்தான் பெட்டியடி என்றார்கள். கள்ளறை வைத்த தேக்குப் பெட்டிகளைப் பற்றிப் பழைய ஆள்கள் இன்னமும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பேசுவார்கள். நான் பார்த்ததில்லை, அதனாலேயே ஆசை அதிகம்.

இந்தத் தட்டல் பழக்கத்தோடு சேர்ந்தே வருவது, பையில் கிடக்கிற பொருளைத் திறந்து பார்க்காமல் விடுவது. சாவி கிடைத்தது, துளையில் பொருந்தவில்லை, விளையாட்டிலேயே கோளாறு என்று திட்டிவிட்டு யூடியூபுக்குப் போகிறோம். அந்தச் சாவியையே பெரிதாக்கித் திருப்பிப் பாருங்கள். அதன் பல் ஒன்று மடங்கும், அல்லது தண்டு நீளும். பொருளும் ஒரு குட்டிப் பெட்டிதான் என்பதை மறக்கிறோம். 'தி ரூமி'ல் மறைந்திருக்கும் கீறல்களைப் பார்க்கக் கண்ணில் மாட்டிக்கொள்ள ஒரு வில்லை உண்டு, அதுவும் அப்படித்தான். மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது, சில கீறல்கள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்று பார்த்தால்தான் ஒன்று சேர்ந்து வடிவமாகும்.

சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுவது பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பஸ்ஸில், டீக்கடையில், ஆபீஸ் மதிய இடைவேளையில் எல்லாரும் போனை சைலண்ட்டில் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். மற்ற விளையாட்டுகளுக்கு அது சரி. இதில் பாதிப் பெட்டி காதில்தான் இருக்கிறது. பல்சக்கரம் முழுதாகச் சுற்றியதா, பாதியில் தட்டியதா என்பது சத்தத்தில்தான் தெரியும். மலிவான இயர்போன் போதும். இல்லையென்றால் வீட்டுக்குப் போனபிறகு ஆடுங்கள்.

அடுத்தது எங்கள் ஊர்க் குறை. இங்கே வெளிநாட்டுப் பணம் கட்டும் கார்டு பலரிடம் இல்லை. அதனால் போன் கடையில் கொஞ்சம் காசு கொடுத்தால் ஏற்றித் தந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஒரு கடையில் மூன்றாம் பாகத்தை ஏற்றிக்கொண்டேன். ஐகான் வந்தது, தொட்டால் கறுப்புத் திரை. இரண்டு நாள் என் போனைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, பெரிய விளையாட்டுகளின் படமும் ஒலியும் ஓ.பி.பி. என்ற தனிக் கோப்பில் இருக்கும், கடைக்காரர் அதை நகலெடுக்கவே இல்லை. மறுபடி போய்ச் சண்டை போட்டு ஏற்றினேன். இந்த முறை ஓடியது, ஆனால் இரண்டாவது அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டது. வெறுப்பில் அழித்துவிட்டு, மலேசியாவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொல்லி, அவன் கார்டில் முறையாக வாங்கினேன். பழைய நகலில் ஆடியதெல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது. ஒரு வேளை பிரியாணி விலைக்கு மிஞ்சாத பொருளுக்கு இவ்வளவு அலைச்சல்.

இலவசம் என்று வரும் போலிகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் குறுக்கே வந்தால் பெட்டி மூடி எப்படி மெதுவாக இறங்கும்? நெட்டை அணைத்தால் விளம்பரம் வராது என்பார்கள். சிலது நெட் இல்லாமல் திறக்கவே திறக்காது.

'அமைதியான விளையாட்டு' என்ற பட்டியலில் பார்த்துவிட்டு எல்லாம் ஒரே ஜாதி என்று நினைப்பதும் தவறுதான். 2021-ல் வந்த 'அன்பேக்கிங்'கில் வீடு மாறி வந்த பொருள்களை அடுக்குவீர்கள், அது வேறு சுகம். 'தி ரூம்' அமைதிதான், ஆனால் அந்த அமைதியில் ஒரு திகில் இருக்கிறது. இருட்டு, கிசுகிசுப்பு, சுவரில் நெளிகிற ஏதோ ஒன்று. நாலாவதாக வந்த 'ஓல்ட் சின்ஸ்' ஒரு பொம்மை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, பொம்மை வீடு என்றதைக் கேட்டுவிட்டு ஐந்து வயசுக் குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். என் தங்கை கொடுத்தாள், அன்றிரவு யாருமே தூங்கவில்லை.

தனியாள் விளையாட்டு என்பதற்காகத் தனியாகத்தான் ஆட வேண்டும் என்றில்லை. கை ஒருவருடையது, கண் எத்தனை பேருடையதாகவும் இருக்கலாம். எங்கள் அம்மாவுக்குப் போனில் எழுத்துப் பெரிதாக வைத்தாலும் படிக்கச் சிரமம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் திருப்பு, அங்க ஒரு ஆணி மொட்டையா நிக்குது பாரு" என்று சொல்லும்போது நூற்றுக்கு எண்பது சரியாகத்தான் இருக்கும். ஐம்பது வருஷம் பீரோவையும் பாத்திரத்தையும் துடைத்த கண். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஏற்கெனவே ஆடி முடித்தவர் பக்கத்தில் உட்காரக்கூடாது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் மூச்சு விடுகிற விதத்தில் விடையைச் சொல்லிவிடுவார்.

அக்கா மகனுக்கு வேறொரு பாகத்தை ஏற்றிக் கொடுத்தேன். வீடியோ எதையும் இறக்கவில்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். மூன்று நாளாக ஒரே இழுப்பறையில் நிற்கிறான். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, பக்கத்து மாடி ஜெனரேட்டர் நின்றது, தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள். இவன் தலையைத் தூக்கவில்லை.

"மாமா, அந்த லைட்ட அணைங்க. கண்ணாடியில பட்டு ஒண்ணும் தெரியல."