பிரசவம் முடிந்தும் தட்டணுக்கள் ஏறவில்லையா?

கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 160/110ஐத் தொட்டு, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் கடுமையான பிரீ-எக்லாம்ப்சியா என்பார்கள். கல்லீரலும் கெட்டு, சிவப்பணுக்களும் சிதைந்தால் ஹெல்ப் என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அதனாலேயே, அதே வேடத்தில் வரும் டி.டி.பி. என்ற அரிய ரத்த உறைவு நோய் கண்ணில் படாமல் போகிறது. ஆடம்ட்ஸ்-13 என்ற நொதி குறைவதால், நுண்ணிய ரத்தக் குழாய்களில் தட்டணுக்கள் திரண்டு அடைத்துக்கொள்ளும் நோய் அது.

முதல் தவறு, பிரசவம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பது. ஹெல்ப் என்றால் பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தட்டணுக்கள் ஏறத் தொடங்கும். ஏறாமல் மேலும் சரிந்தால், நோயின் பெயரையே சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகம் மட்டும் வேகமாகக் கெட்டுக்கொண்டே போனால், வித்தியாசமான ஹெச்.யு.எஸ். என்ற இன்னொரு அரிய நோயையும் நினைக்க வேண்டும். 20 வாரங்களுக்கு முன்பே தட்டணுக்கள் சரிந்தால் பிரீ-எக்லாம்ப்சியா என்று சொல்வதற்கே இடம் குறைவு. ரத்த அழுத்தம் அதிகம் என்பதால் டி.டி.பி. இல்லை என்றும் ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே வரலாம்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்த சிவப்பணுக்கள் நிறையத் தெரிந்தால் கவனம் தேவை. டி.டி.பி.யில் தட்டணுக்கள் பெரும்பாலும் 30,000க்கும் கீழே போய்விடும். செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் எல்.டி.ஹெச். என்ற நொதி மிக அதிகமாக இருக்கும். கல்லீரல் நொதிகளோ ஹெல்ப் அளவுக்கு ஏறியிருக்காது.

எண்ணிக்கை குறைந்ததும் தட்டணுக்களை ஏற்றுவது இன்னொன்று. உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தாலொழிய, டி.டி.பி.யில் அதைத் தவிர்ப்பார்கள். (டெங்குக் காலத்துப் பப்பாளி இலைச் சாற்றை இங்கே யாரும் நீட்ட வேண்டாம்.)

டி.டி.பி.க்கு முக்கிய சிகிச்சை பிளாஸ்மா மாற்று: நோயாளியின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, எடுத்துவிட்டுக் கொடையாளரின் பிளாஸ்மாவை ஏற்றுவது. ஆடம்ட்ஸ்-13 பரிசோதனைக்கான ரத்தத்தைப் பிளாஸ்மா கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஆனால் முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. அது வர நாட்கள் ஆகலாம். பிளாஸ்மா மாற்று சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள். இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

பழைய மருத்துவக் கோப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதும் தவறுதான். பிறவியிலேயே வரும் டி.டி.பி. சில பெண்களுக்கு முதல் கர்ப்பத்தில்தான் வெளிப்படுகிறது. முந்தைய கர்ப்பத்தில் தட்டணுக்கள் குறைந்ததையோ குழந்தை தவறியதையோ மருத்துவரிடம் சொன்னால், அடுத்த கர்ப்பத்தில் தொடக்கத்திலிருந்தே குறித்த இடைவெளியில் பிளாஸ்மா ஏற்றித் தாயையும் குழந்தையையும் காக்க வழியுண்டு.