குவில்ட் தைக்கப் போகிறீர்களா? வெட்டும் சாமான் வாங்கும்போது இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதற்குக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் துணி வாங்குவது சுலபம். அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று பிடித்த பருத்தித் துணியையெல்லாம் பை நிறைய அள்ளி வந்துவிடலாம். வெட்டும் சாமான் வாங்கும்போதுதான் பலருக்குச் சறுக்குகிறது. செந்தூலில் என் வீட்டுக்குக் குவில்ட் பழக வருகிறவர்களின் பையைத் திறந்தாலே தெரிந்துவிடும். கட்டர் புத்தம் புதிதாக இருக்கும், கூடவே பிள்ளையின் பள்ளிக்கூட ரூலர் இருக்கும்.

கட்டர், ரூலர், வெட்டும்போது துணிக்கு அடியில் போடும் மேட் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கருவி. ஒன்று சொதப்பினால் மற்ற இரண்டுக்கும் கொடுத்த காசு வீண்.

சக்கரம் போல் உருளும் ரோட்டரி கட்டரை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. 28, 45, 60 மில்லிமீட்டர் பிளேடுகளில் கிடைக்கும். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று 28-ஐ எடுக்காதீர்கள். அது வளைவுகளுக்கு. நேர்கோட்டில் வெட்ட 45 போதும். 60 பல அடுக்குத் துணிக்கு. கடையிலேயே கையில் பிடித்து, பிளேடை மூடும் பூட்டு ஒரு விரலுக்கு இணங்குகிறதா என்று பாருங்கள். இடக்கைக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கட்டரைவிட ரூலரில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் ரூலரின் மேல் பிளேடு ஏறிவிடும். ஏறினால் அடுத்து இருப்பது உங்கள் விரல். என் இடது ஆள்காட்டி விரல் நுனியில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. இரும்பு ரூலர் என்றால் பிளேடின் கூர் போய்விடும். வேண்டியது தடித்த அக்ரிலிக் ரூலர், 6 அங்குல அகலம், 24 அங்குல நீளம். அந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. குவில்ட்டுக்கு வாங்கும் பருத்தித் துணி பெரும்பாலும் 44, 45 அங்குல அகலம். இரண்டாக மடித்தால் 22 சொச்சம். ரூலரை நகர்த்தாமல் ஒரே இழுப்பில் வெட்டி முடித்துவிடலாம்.

அங்குல ரூலரே வாங்குங்கள். நாம் சென்டிமீட்டரில் வளர்ந்தவர்கள்தான், ஆனால் குவில்ட் மாதிரிகள் பெரும்பாலும் அங்குலத்தில் வருகின்றன, தையல் விளிம்பும் கால் அங்குலம். மாற்றிக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் பிசகும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கண்ணுக்கே தெரியாது. பதினாறு துண்டை வரிசையாகச் சேர்த்தால் முழுதாக ஓர் அங்குலம் குறையும். பக்கத்து வரிசையோடு மூலை சேராதபோதுதான் தெரியவரும், அப்புறம் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மேட்டில் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏ4 அளவில் வாங்கினால் துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டே நேரம் போகும். 18க்கு 24 அங்குலமாவது வேண்டும். மேட்டில் அச்சடித்த கோட்டை நம்பி அளக்காதீர்கள், சிலவற்றில் கோணலாகவே அச்சாகியிருக்கும். அளவுக்கு ரூலர், அதுவும் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டுவரை ஒரே ரூலர். இன்னொன்று, மேட் சூடு தாங்காது. ஒரு மத்தியானம் அதைக் கார் பின்சீட்டில் வைத்துவிட்டு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் துணி பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. பிறகு அது படியவே இல்லை. அதன்மேல் அயர்ன் பண்ணுவதும் கூடாது, சூடான கோப்பை வைப்பதும் கூடாது.

மாற்றுப் பிளேடு வாங்காமல் வருவதும் தவறுதான். வெட்டிய துணியில் சில நூல்கள் மட்டும் அறுபடாமல், ஏறக்குறைய 14 சென்டிமீட்டருக்கு ஒருமுறை நின்றால், பிளேடில் ஓரிடம் பல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். 45 மில்லிமீட்டர் பிளேடின் சுற்றளவு அவ்வளவுதான். பெரும்பாலும் குண்டூசிமேல் ஓட்டியிருப்பீர்கள். அழுத்தி வெட்டிச் சமாளிக்காதீர்கள், மேட்டும் பாழாகும், மணிக்கட்டும் வலிக்கும்.

கத்தரிக்கோலைத் தூக்கிப்போட வேண்டாம், வளைவுக்கும் நூலுக்கும் அது வேண்டும். ஆனால் அதை வீட்டில் யாரும் காகிதம் வெட்ட எடுக்கக்கூடாது.

கழற்றிய பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள். புதுப் பிளேடு வந்த டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, மேலே எழுதிவிடுங்கள். குப்பைப் பையைத் தூக்குகிறவர் வெறுங்கையோடு வருவார்.