பிரிண்டரின் ஐபி முகவரியை ரவுட்டரிடமே விட்டுவிடுங்கள்

நேற்றுவரை ஓடிய பிரிண்டர் இன்று ‘ஆஃப்லைன்’ என்கிறது. காகிதம் இருக்கிறது, மை இருக்கிறது, வைஃபை விளக்கும் எரிகிறது. பல நேரங்களில் காரணம் ஒன்றுதான்: அதன் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) மாறிவிட்டது, கணினியோ பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கிறது. உடனே பிரிண்டர் மெனுவுக்குள் போய் ஒரு முகவரியைக் கையால் பதிந்துவிடத் தோன்றும். வேண்டாம். அந்த எண் எடுக்கப்பட்டுவிட்டது என்று ரவுட்டருக்குத் தெரியாது. நாளை அதையே ஒரு கைபேசிக்குக் கொடுத்துவிடலாம். கருவிகள் எல்லாம் தானியங்கி முறையிலேயே இருக்கட்டும். நிலையாக்க வேண்டியதை ரவுட்டரில் நிலையாக்குங்கள்.

முகவரி வழங்கும் இந்த நெறிமுறையின் பெயர் டிஎச்சிபி, 1993இல் வந்தது. புதிதாக இணையும் கருவி முகவரி கேட்டு எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கும், ரவுட்டர் ஒன்றைத் தர முன்வரும், கருவி அதையே கேட்கும், ரவுட்டர் உறுதிசெய்யும். கிடைப்பது குத்தகை மட்டுமே. காலம் பாதி கழிந்ததும் கருவி அதைப் புதுப்பித்துக்கொள்ளும். நாள்கணக்கில் அணைந்து கிடக்கும் பிரிண்டர் எப்படிப் புதுப்பிக்கும்?

படி 1: கைபேசியின் வைஃபை விவரங்களில் ‘கேட்வே’ என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரின் முகவரிப் பட்டையில் இட்டால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். கடவுச்சொல் பெரும்பாலும் ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்.

படி 2: ‘லேன்’ (வீட்டு நெட்வொர்க்) பகுதியில் ‘டிஎச்சிபி சர்வர்’ இயக்கத்தில் இருக்கட்டும். கேட்வே 192.168.1.1 என்றால், தொடக்க முகவரி 192.168.1.100, இறுதி 192.168.1.199 என்று கொடுங்கள். நூறு முகவரிகள், வீட்டுக்குத் தாராளம். குத்தகைக் காலம் ஒரு நாள் போதும். ஆனால் சில ரவுட்டர்கள் நிமிடத்தில் கேட்கும் (1440), சில நொடியில் (86400). அலகைப் பார்த்து எழுதுங்கள். டிஎன்எஸ் (இணையதளப் பெயர்களை எண்ணாக மாற்றும் சேவை) கட்டங்களைத் தொட வேண்டாம்.

படி 3: பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவில் ஐபி அமைப்பை ‘ஆட்டோ’ அல்லது ‘டிஎச்சிபி’ ஆக்குங்கள். விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, அதன் பண்புகள் என்று போனால் ‘ஐபி அசைன்மென்ட்’ வரும்; அங்கும் ‘ஆட்டோமேட்டிக்’.

படி 4: இதுதான் முக்கியம். பிரிண்டரின் நெட்வொர்க் அறிக்கையை அச்சிட்டு, அதிலுள்ள 12 குறிகள் கொண்ட மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் பாகத்துக்கு உரிய அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். கம்பிக்கும் வைஃபைக்கும் தனித்தனி மேக் இருக்கலாம், பயன்படுத்துவதை எடுங்கள். ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பகுதியில் அந்த மேக்குக்கு எதிரே 192.168.1.150 என்று பதிந்து சேமியுங்கள். பிரிண்டரை அணைத்து மீண்டும் போடுங்கள். இனி அது எப்போது கேட்டாலும் அதே எண்தான் கிடைக்கும். கணினியில் பழைய முகவரியோடு இருக்கும் பிரிண்டரை நீக்கி, புதியதைச் சேருங்கள்.

(கைபேசிக்கும் இப்படி ஒதுக்க நினைத்தால், அதில் மேக் முகவரியை மாற்றிக் காட்டும் ‘ரேண்டம் மேக்’ வசதியை இந்த வைஃபைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டருக்கு ஆள் அடையாளம் தெரியாது.)

கருவியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தென்பட்டால், அதன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கருவி தானாகவே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. கம்பியையும் படி 2ஐயும் பாருங்கள். கேட்வே 192.168.1.1 ஆக இருந்தும் முகவரி 192.168.0 என்று வேறு வரிசையில் வந்தால், சிக்னலுக்காகச் சேர்த்த இரண்டாவது ரவுட்டரும் முகவரி வழங்குகிறதா என்று சந்தேகப்படுங்கள். அதன் டிஎச்சிபியை அணைத்து, அதற்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்து, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கம்பியை அதன் லேன் துளையில் செருகுங்கள்.