காந்தத்தை ஆட்டி விளக்கு எரியவைப்பது எப்படி?

மேலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எரிந்துபோன கிணற்று மோட்டாரைக் கொண்டுவருகிற பெரியவர்கள், நான் அதைப் பிரிக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: "சுத்துற உருளைக்கு ஒரு வயரும் போகலையேப்பா, அப்புறம் எப்பிடிச் சுத்துது?" மின்காந்தத் தூண்டல் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் யாருக்குப் புரியும்? கையால் செய்து பார்த்தால் மறக்காது. பத்தாவது படிக்கிற என் அக்கா மகனோடு உட்கார்ந்து செய்ததை இங்கே எழுதுகிறேன்.

36 கேஜ் எனாமல் செப்புக் கம்பி 50 கிராம் வாங்குங்கள். காயில் கட்டும் கடையில் எடை போட்டுத் தருவார்கள். 20 மில்லி வயரிங் பைப் ஒரு சாண், 12 மில்லி வட்ட நியோடிமியம் காந்தம் ஐந்தாறு, சிவப்பு எல்இடி இரண்டு. காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவிட்டால் ஒரு குட்டி உருளை ஆகிவிடும். அது பைப்புக்குள் தடையில்லாமல் ஓடவேண்டும்.

பைப்பின் நடுவில், முக்கால் அங்குல அகலத்துக்குள், 1,500 சுற்று சுற்றுங்கள். எந்தப் பக்கம் ஆரம்பித்தீர்களோ கடைசிவரை அதே பக்கம்தான். பாதியில் திசை மாறினால் ஒரு பாதியில் பிறப்பதை மறு பாதி அழித்துவிடும். எங்கள் தொழிலிலும் ஒரே ஒரு காயில் தலைகீழாகப் போனால் போதும், மோட்டார் உறுமுமே தவிர ஒழுங்காக ஓடாது.

அடுத்ததில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். செப்புக் கம்பிமேல் கண்ணுக்குத் தெரியாத மாதிரி எனாமல் பூச்சு இருக்கிறது. இரண்டு முனையையும் உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். பழுப்பு போய் இளஞ்சிவப்புச் செம்பு மின்னவேண்டும். அக்கா மகன் இதைச் செய்யாமல் இரண்டு சாயங்காலம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "காந்தம் சரியில்லை மாமா" என்று வந்து நின்றான். மல்டிமீட்டரை வைத்தேன், முள் அசையவே இல்லை. தேய்த்தபிறகு அறுபது ஓம் சொச்சம் காட்டியது.

எல்இடி இரண்டையும் எதிரெதிராகக் கட்டுங்கள். ஒன்றின் நீளக் காலோடு மற்றதன் குட்டைக் காலும், குட்டைக் காலோடு நீளக் காலும் சேரவேண்டும். கம்பி முனைகளை ஜோடிக்கு ஒன்றாக முறுக்கி, காந்த உருளையை உள்ளே போட்டு, பைப்பின் இரு வாயையும் பஞ்சு வைத்து அடைத்து, விளக்கை அணைத்துவிட்டு வேகமாக ஆட்டுங்கள். இரண்டும் மாறி மாறி மின்னும். போனில் ஸ்லோமோஷன் எடுத்தால் தெளிவாகத் தெரியும்: காந்தம் சுருளுக்குள் நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது மற்றொன்று. காந்தம் சும்மா உள்ளே கிடந்தால் ஒன்றுமே எரியாது.

1831-இல் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி கண்டது இதைத்தான், மின்காந்தத் தூண்டல் என்பதும் இதுதான். சுருள் வழியே போகும் காந்தப்புலம் மாறுகிற நேரத்தில் மட்டும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. காந்தம் வலுத்தாலும், சுற்று கூடினாலும், வேகம் கூடினாலும் அதுவும் கூடும். ஆனால் ஓசியில் கிடைப்பதில்லை. பழைய சைக்கிளில் டைனமோ போட்டு ஓட்டியவர்களுக்குத் தெரியும், பல்பு எரிந்தால் மிதி கனக்கும். பிறந்த மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கிறது. லென்ஸ் என்ற விஞ்ஞானியின் பெயரில் வழங்கும் லென்ஸ் விதி என்பது அதுதான்.

இரண்டு எல்இடியும் மாறி மாறி எரிந்ததே, அது மாறுதிசை மின்னோட்டம், ஏசி. எங்கள் வயலுக்கு வருகிற பெரியாற்றுத் தண்ணீர் வழியில் தேனி மாவட்டத்து லோயர் கேம்ப் மின்நிலையத்தில் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றி எடுப்பதும் இதே வகைதான். வீட்டுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வருகிறது. 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 50 சுழற்சி, ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை, ஆக ஒரு நொடிக்கு நூறு தடவை திசை மாறுகிறது. பேட்டரியில் வருவது ஒரே திசையில் ஓடும் டிசி. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் இருப்பதும் பக்கத்துக்கொன்றாகக் காயில்கள்தான்; ஒரு பக்கம் டிசி கொடுத்தால் புலம் மாறாது, மறுபக்கம் எதுவும் வராது, காயில் சூடேறிப் புகைவதுதான் மிச்சம். (இந்தச் சுருளை எக்காரணம் கொண்டும் வீட்டுப் பிளக்கில் செருகாதீர்கள். உயிருக்கே ஆபத்து.)

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். மூன்று பேஸ் ஏசி, அதாவது மூன்று வயரில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும் மின்சாரம், மோட்டாரின் வெளிக்காயிலில் ஒரு காந்தப்புலத்தைச் சுழலவிடுகிறது. கிணற்று மோனோபிளாக்கில் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) பெரும்பாலும் அது நிமிஷத்துக்கு 3,000 சுற்று. அந்தப் புலம் உருளையில் பதித்த அலுமினியக் கம்பிகளைக் கடந்துபோகும்போது, வயர் இல்லாமலே அவற்றில் மின்னோட்டம் பிறந்து, புலம் உருளையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. மோட்டார் பிளேட்டைத் துடைத்துப் பாருங்கள், 2,880 மாதிரி கொஞ்சம் குறைவாகத்தான் போட்டிருக்கும். உருளை அந்த 3,000-ஐ எட்டிப் பிடித்துவிட்டால் அதற்குப் புலம் மாறாது, மாறாவிட்டால் மின்னோட்டம் இல்லை, இழுவையும் இல்லை. அதனால் அது எப்போதும் ஓரடி பின்தங்கியே ஓடுகிறது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால், கல்லாவில் கிடக்கிற பைப்பை எடுத்துக் கையில் கொடுத்து, "மொதல்ல இதை ஆட்டுங்கய்யா" என்கிறேன்.